'ஐசோடோப்' கலந்த கஞ்சிய குழந்தைக்கு குடுக்கலாமா?

கேள்வி:

என் பொண்ணுக்கு 14 மாசம் ஆகுது, எடை 9 கிலோ. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல ஹீமோகுளோபின் 11. தடுப்பூசி போட போன எடத்துல, சின்னக் குழந்தைங்க சாப்பாட்டுல இருந்து எவ்வளவு இரும்புச்சத்து உடம்புல சேருதுன்னு ஒரு ஸ்டடி பண்றோம், சேர்றீங்களான்னு கேட்டாங்க. ரெண்டு விதமான கஞ்சி குடுப்பாங்களாம், ரெண்டுலயும் 'ஐசோடோப் இரும்பு' கலந்திருக்குமாம், 14 நாள் கழிச்சு ரத்தம் எடுப்பாங்களாம். ஐசோடோப்னாலே கதிர்வீச்சுதான், வேணவே வேணாம்ங்கிறார் வீட்டுக்காரர். எனக்கு என்னன்னா, இதுல சேர்ந்தா என் பொண்ணு உடம்புல இரும்பு ஒழுங்கா ஒட்டுதா இல்லையான்னு தெரிஞ்சிடுமேன்னு ஒரு ஆசை. சாதாரண பிளட் டெஸ்ட்ல இது தெரியாதா? எதுக்கு 14 நாள் காத்திருக்கணும்? இன்னொன்னு, சிரிக்காதீங்க, மூத்தவனுக்கு நாலு வயசு, தங்கச்சி கிண்ணத்துல இருக்கறது எல்லாம் அவனுக்கு வேணும், அந்தக் கஞ்சிய அவன் ரெண்டு வாய் தின்னுட்டா என்ன ஆகும்?

– ஒரு அம்மா

பதில்:

வணக்கம்மா. இந்த மாதிரி ஸ்டடிங்கள்ல நான் கஞ்சி கலக்குற பக்கமும் இருந்திருக்கேன், ரத்தத்தை மெஷின்ல போட்டு கணக்கு பாக்குற பக்கமும் இருந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க. முதல்லயே சொல்லிடுறேன், உங்க வீட்டுக்காரர் பயப்படுற விஷயம் இதுல இல்ல. ஆனா நீங்க ஆசைப்படுற விஷயமும் இதுல இல்ல.

பயத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஐசோடோப்னா ஒரே தனிமத்துக்குள்ள எடை மட்டும் வேற வேறயா இருக்கற அண்ணன் தம்பிங்க, அவ்வளவுதான். இரும்புன்னா 26 புரோட்டான், அது மாறவே மாறாது, மாறினா அது இரும்பே இல்ல. நியூட்ரான்தான் கூடும் குறையும். 28 இருந்தா இரும்பு-54, 30 இருந்தா 56, 31-ன்னா 57, 32-ன்னா 58. இந்த நாலும் நிலையானது, எத்தனை காலம் வச்சிருந்தாலும் சிதையாது, கதிர்னு ஒண்ணு வெளிய வராது. கதிர் விடுற இரும்பும் இருக்கு, 55-ம் 59-ம், இதுல 59-க்கு அரை ஆயுள் கிட்டத்தட்ட 44 நாள். உங்க வீட்டுக்காரர் மனசுல ஓடுறது இந்த ரெண்டாவது கூட்டம். ரெண்டு கூட்டத்துக்கும் பேர் ஒண்ணா இருக்கறதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நிலையான ஐசோடோப்ப வச்சு சத்து உறிஞ்சுறத அளக்குறதுக்கு உலகம் பூரா ட்ரெயினிங், வழிகாட்டி புத்தகம் எல்லாம் குடுத்து வளர்க்கறது சர்வதேச அணுசக்தி முகமை, அந்தப் பேரைப் பாத்தே பாதிப் பேர் கிளம்பிப் போயிடுவாங்க.

அதுக்காக அவர் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். 1940-கள்ல அமெரிக்காவுல, நாஷ்வில் ஊர்ல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோட கிளினிக்ல 800-க்கும் மேல கர்ப்பிணிங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்லாமலேயே கதிரியக்க இரும்பைக் குடிக்கக் குடுத்திருக்காங்க, கர்ப்பத்துல இரும்பு எப்படி சேருதுன்னு பாக்க. பின்னால அது கோர்ட் வரைக்கும் போச்சு. குழந்தைங்களையும் கர்ப்பிணிங்களையும் வச்சு இரும்பை அளக்கணும்னா கதிர் இல்லாத வழிதான்னு ஆராய்ச்சி உலகம் நகர்ந்ததுக்கு இந்த மாதிரி கசப்பும் ஒரு காரணம். 1980-கள் கடைசில அயோவா பல்கலைக்கழகத்துல சாமுவேல் ஃபோமன்ங்கிற குழந்தை மருத்துவரோட டீம், கைக்குழந்தைங்களுக்கு இரும்பு-58 குடுத்து ரத்தத்துல அளந்து காட்டுனாங்க, இப்ப உங்ககிட்ட கேக்கறது அதோட வழிவந்த முறைதான்.

சரி, உங்க பொண்ணு கணக்கையே போட்டுப் பாப்போம், வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. 9 கிலோ எடை, கிலோவுக்கு 75 மில்லி ரத்தம்னு தோராயமா வச்சா 675 மில்லி. 100 மில்லிக்கு 11 கிராம்னா மொத்தம் 74 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின்ல 3.47 மில்லிகிராம் இரும்பு இருக்கும், பெருக்கினா 258 மில்லிகிராம் வருது. இந்த 258-ல பெரும்பங்கு, நூத்துக்கு 92 போல, 56 வகை. 54 வகை 6-க்கும் கொஞ்சம் கம்மி. 57 வகை ரெண்டு சதவீதத்துக்கு மேல கொஞ்சூண்டு, அதாவது 5.5 மில்லிகிராம். 58 வகை 0.3 சதவீதத்தை ஒட்டி, முக்கால் மில்லிகிராம். இதெல்லாம் இப்பவே, யாரும் எதுவும் கலக்காமலேயே, அவ ரத்தத்துல ஓடிட்டிருக்கு. நீங்களும் நானும் தின்ன ஒவ்வொரு வாய் சோத்துலயும் இதே விகிதத்துலதான் இரும்பு இருந்துச்சு. ஸ்டடில பண்றது என்னன்னா, இயற்கைல அரிதா இருக்கற 57-ஐயும் 58-ஐயும் தனியா பிரிச்சு செறிவாக்கி வச்சிருப்பாங்க, அதுல ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் எடுத்து கஞ்சில கலப்பாங்க. ரத்தசோகை அதிகமா இருக்கற பகுதிகள்ல 6 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்குமான குழந்தைங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற இரும்பு சொட்டு மருந்து அளவே ஒரு நாளைக்கு 10-ல இருந்து 12.5 மில்லிகிராம், அதையும் வருஷத்துல மூணு மாசம் தொடர்ந்து தரச் சொல்றாங்க. அப்ப இது எம்மாத்திரம்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப அதே கணக்கை நீட்டுனா முறையே புரிஞ்சிடும். முதல் கஞ்சில 57 வகை 2 மில்லிகிராம் போட்டாங்கன்னு வைங்க. குடல் அதுல பத்துல ஒரு பங்கை எடுத்துக்கிட்டா 0.2. உறிஞ்சுனதுல 90 சதவீதம் சிவப்பணுவுக்குள்ள போகும்னு எடுத்துக்கிட்டா 0.18 மில்லிகிராம். ஏற்கனவே இருக்கற 5.5 மேல இந்த 0.18 ஏறுனா 3 சதவீதம் சொச்சம் கூடும். அடுத்த கஞ்சில 58 வகை 1 மில்லிகிராம், அதே பத்துல ஒரு பங்கு, அதே 90 சதவீதம்னா 0.09, ஆனா அது முக்கால் மில்லிகிராம் மேல ஏறுறதால 12 சதவீதம் கூடும். 58 கம்மியா போட்டாலே நல்லா தெரியறதுக்கு காரணம் இதான், அது தங்கத்தை விட பல மடங்கு விலையா இருக்கறதால கம்மியா போடத்தான் எங்களுக்கும் கை வரும். இந்த சின்ன ஏத்தத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிடிச்சிடும், அணுக்களை எடை வாரியா பிரிச்சு எண்ணுற மெஷின் அது, 3 சதவீதம் என்ன, அதுல நூத்துல ஒரு பங்கு மாறினாலும் நல்ல மெஷின் காட்டிக் குடுத்திடும்.

சாதாரண பிளட் டெஸ்ட்ல தெரியாதான்னு கேட்டீங்க. தெரியாது. ஹீமோகுளோபின், உடம்புல இருக்கற இரும்பு சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் எல்லாம் தொட்டில தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு சொல்லும், இன்னிக்கு காலைல எந்தக் குழாய்ல எத்தனை சொம்பு வந்துச்சுன்னு சொல்லாது. தொட்டில ஏற்கனவே 258 மில்லிகிராம் நிக்குது, அதுல இன்னிக்கு கஞ்சில இருந்து 0.2 வந்து விழுந்தா மட்டம் அசையக்கூட அசையாது. வந்து விழுற தண்ணி மட்டும் வேற நிறமா இருந்தாதான் பிரிச்சு சொல்ல முடியும், 57-ம் 58-ம் அந்த நிறம். ரெண்டு நிறம் இருக்கறதால ஒரே குழந்தைக்கு ரெண்டு கஞ்சி குடுத்து, ஒரே தடவை ரத்தம் எடுத்து, ரெண்டையும் ஒப்பிட்டுடலாம். முன்னாடியெல்லாம் இதுக்கு ரத்தம் எடுக்காம, உறிஞ்சாம வெளிய போன இரும்பை அளக்க குழந்தையோட மலத்தை நாள் கணக்கா ஒரு டயப்பர் விடாம சேத்து வச்சாங்க. ஒரு டயப்பர் தொலைஞ்சா கணக்கு காலி, அந்த வேலையப் பத்தி இதுக்கு மேல சாப்பிடுற நேரத்துல எழுத வேணாம்.

14 நாள் விஷயம் சுலபம். சிறுகுடலோட முதல் பகுதில இரும்பு உள்ள போனதும் டிரான்ஸ்ஃபெரின்ங்கிற புரதம் அதைத் தூக்கிக்கிட்டு எலும்பு மஜ்ஜைக்கு போகும். அங்க புதுசா உருவாகிட்டிருக்கற சிவப்பணு அதை வாங்கி ஹீமோகுளோபின்ல கோத்து, முத்தி, ரத்தத்துக்கு வர ரெண்டு வாரம் போல ஆகும். அதுக்கு முன்னாடி எடுத்தா பாதி இரும்பு இன்னும் மஜ்ஜைலயே நிக்கும். வந்துட்டா அந்தச் சிவப்பணு மாசக்கணக்கா சுத்திட்டிருக்கும், அதனால நாள் ஒண்ணு ரெண்டு தள்ளிப் போனாலும் கெட்டுப்போகாது, 14-ம் நாள் மழை பெய்ஞ்சுதுன்னா பதட்டப்படாதீங்க, போன் பண்ணி சொல்லிட்டு மறுநாள் போங்க. ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு சில டீம் 28 நாள் வரைக்கும் விடுவாங்க.

இப்ப உங்க ஆசைக்கு வர்றேன், எனக்கு இதான் முக்கியமா சொல்லணும். இந்த ஸ்டடி உங்க பொண்ணை அளக்கல, கஞ்சிய அளக்குது. கடைசில வர்ற நம்பர் 'இந்தக் குழந்தைக்கு இரும்பு ஒட்டும், ஒட்டாது'ங்கிற தீர்ப்பு கிடையாது. ஏன்னா இரும்பை உறிஞ்சுறதுல ஒரே கஞ்சிக்கு ஒரு குழந்தை 3 சதவீதம் எடுக்கும், பக்கத்துல உக்காந்திருக்கற குழந்தை 15 எடுக்கும், ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். சேமிப்பு நிறைய இருந்தா உடம்பு குடலைப் பாத்து போதும்னு சொல்லிடும், கம்மியா இருந்தா இன்னும் கொண்டான்னு சொல்லும். அதைச் சொல்றது கல்லீரல்ல இருந்து வர்ற ஹெப்சிடின்ங்கிற ஹார்மோன். உடம்புல லேசா ஒரு காய்ச்சல், சளி இருந்தாலே ஹெப்சிடின் ஏறி குடல்ல கதவை சாத்திடும். அப்ப 4 சதவீதம்னு வந்தா அது கஞ்சியோட குத்தமா, நிறைஞ்ச சேமிப்பா, முந்தின நாள் மூக்கு ஒழுகுனதான்னு ஒரு குழந்தையோட ஒரு நம்பரை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. குறைவா எடுக்கறது சில நேரம் நல்ல செய்தியாவே இருக்கும். ஸ்வீடன்ல தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்களை வச்சு பண்ணி 2002-ல வெளிவந்த ஒரு ஸ்டடில, 6 மாசத்துல இரும்பு சொட்டு குடிச்ச குழந்தையும் குடிக்காத குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் உறிஞ்சுச்சு, 9 மாசத்துல பாத்தா சொட்டு குடிச்சவங்க கம்மியா எடுத்தாங்க, அதாவது வேணுங்கிறத எடு, வேணாங்கிறத விடுங்கிற அந்த சாமர்த்தியமே அந்த வயசுலதான் வளருது.

அதனாலதான் ஒரே குழந்தைக்கு ரெண்டு கஞ்சி. ரெண்டாவதுல, இரும்பை உறிஞ்ச விடாம தடுக்கற ஃபைட்டேட்னு தானியத்துல இருக்கற பொருளை குறைச்சிருக்கலாம், இல்லன்னா வைட்டமின் சி சேத்திருக்கலாம், இரும்பு உப்பையே மாத்திருக்கலாம். உங்க பொண்ணு முதல் கஞ்சில 4, ரெண்டாவதுல 8 எடுத்தா, பக்கத்து வீட்டுப் பையன் 9-ம் 17-ம் எடுத்தா, ரெண்டு பேரும் ஒரே கதையத்தான் சொல்றாங்க, ரெண்டாவது கஞ்சி ரெட்டிப்பு. மேல நான் 90 சதவீதம்னு அடிச்சு விட்டேனே, அது ஒரு அனுமானம், சில டீம் 75, 80-ன்னும் எடுத்துப்பாங்க, கிலோவுக்கு எத்தனை மில்லி ரத்தம்ங்கிறதும் தோராயம்தான். இது தப்பா இருந்தா 4-ம் 8-ம் 5-ம் 10-மா மாறும், ஆனா ரெட்டிப்புங்கிறது மாறாது, தப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழறதால அடிபட்டுப் போயிடும். எனக்கு இந்த முறைல ரொம்பப் பிடிச்ச இடம் இதான், இதே காரணத்தாலதான் தனிக் குழந்தையோட ஒத்தை நம்பர் மேல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்ல.

உண்மைல கஷ்டமெல்லாம் அணுவுல இல்லம்மா, ஊட்டுறதுல. காலைல குழந்தை ரெண்டு மூணு மணி நேரம் வேற எதுவும் சாப்பிடாம வரணும், ஊட்டி முடிச்சும் அதே மாதிரி சும்மா இருக்கணும், 14 மாசத்துக்கு இது எவ்வளவு பெரிய கொடுமைன்னு உங்களுக்கே தெரியும். கஞ்சிய கிராம்ல தசமத்தோட நிறுத்து, குட்டி பாட்டில்ல இருக்கற ஐசோடோப் கரைசலை கலந்து, பாட்டிலையும் சுத்தத் தண்ணி விட்டு அலசி அந்தத் தண்ணியையும் கஞ்சிலயே ஊத்துவோம். ஊட்டி முடிச்சதும் கிண்ணத்தை வழிச்சு, தண்ணி விட்டு கழுவி, அந்தக் கழுவுத் தண்ணியையும் குழந்தைக்கே ஸ்பூன்ல குடுப்போம். கழுத்துல கட்டுற துணிய ஊட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை நிறுப்போம், சிந்துனது எவ்வளவுன்னு கழிக்க. ஒரு தடவை ஒரு பையன், கடைசி ஸ்பூனை வாய்ல வச்சிக்கிட்டு என்னையே அமைதியா பாத்துக்கிட்டிருந்தான், நானும் முழுங்கிட்டான்னு நெனச்சு சிரிச்சேன், அப்ப பாத்து தும்முனான் பாருங்க, இரும்பு-58 பூரா என் கோட்டுல. கோட்டை நிறுத்துப் பாக்க முடியுமா, அன்னிக்கு அவன் கணக்கை விட்டுட்டோம். அவங்க அம்மா ஸாரி ஸாரின்னாங்க, அவன் இன்னும் கொஞ்சம் வேணும்னு கிண்ணத்தைக் காட்டுறான். இப்பல்லாம் இந்த மாதிரி விபத்துக்குப் பயந்து ஐசோடோப்ப ஒரே வேளைல கொட்டாம நாலஞ்சு வேளைக்கு பிரிச்சு போடுறவங்க நிறைய பேர், அதனால ஒரு நாளோட ஏத்த இறக்கமும் சமனாகிடும்.

அப்ப சேரலாமா வேணாமா? கதிர்வீச்சை காரணமா வச்சு வேணாம்னு சொல்லாதீங்க, பொண்ணுக்கு ரிப்போர்ட் கிடைக்கும்னு அதை மட்டும் நம்பியும் சேராதீங்க. யோசிக்க வேண்டியது ஊசியப் பத்தித்தான். மொத்தம் எத்தனை தடவை குத்துவீங்க, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லின்னு நேரடியா கேளுங்க. ஐரோப்பால குழந்தைங்க ஆராய்ச்சிக்கு இருக்கற வழிகாட்டுதல் ஒரு தடவைல மொத்த ரத்தத்துல 1 சதவீதம், நாலு வாரத்துல 3 சதவீதத்துக்கு மேல வேணாம்ங்குது, உங்க பொண்ணுக்கு அது ஒரு தடவைக்கு 6 மில்லி சொச்சம், நாலு வாரத்துக்கு 20 மில்லி. நல்ல டீம் இதுக்கு ரொம்பக் கீழதான் எடுக்கும், மரத்துப்போற க்ரீம் தடவுவாங்களான்னும், முதல் குத்துல ரத்தம் வரலன்னா எத்தனை தடவை முயற்சி பண்ணுவாங்கன்னும் கேட்டுக்கோங்க, ரெண்டுக்கு மேல விட மாட்டேன்னு நீங்களே சொல்லலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா, நடுவுல புடிக்கலன்னா கேள்வி கேக்காம விடுவீங்களா, ரத்தசோகைன்னு தெரிஞ்சா வைத்தியம் யார் பாக்கறது, இதுக்கெல்லாம் பதில் எழுத்துல வாங்கிட்டு கையெழுத்து போடுங்க. பதில் சொல்ல தயங்குறாங்கன்னா ஐசோடோப் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வந்துடுங்க.

உங்க பக்கத்துல இருந்தும் அவங்களுக்கு சில விஷயம் சொல்லணும். குழந்தைக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா, இப்ப இரும்பு சொட்டு குடுக்கறீங்களா, ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்துச்சா, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஸ்டடில இருந்திருக்கா. டாக்டர் எழுதிக் குடுத்த சொட்டு மருந்து ஏதாவது இருந்தா ஸ்டடிக்காகன்னு நீங்களா நிறுத்தாதீங்க, அவரைக் கேட்டுத்தான்.

உங்களுக்கு இதுல நிஜமா கிடைக்கக்கூடியது ஒண்ணு இருக்கு. எடுக்கற ரத்தத்துல ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி, மூணையும் பெரும்பாலும் பாப்பாங்க, அந்த ரிசல்ட்டை கேட்டு வாங்கிக்கோங்க. 11-ங்கிறது இப்போதைக்கு பயப்படுற நம்பர் இல்ல, உலக சுகாதார நிறுவனம் 2024-ல மாத்துன அளவுப்படி 6-ல இருந்து 23 மாசம் வரைக்கும் 10.5-க்கு கீழ போனாத்தான் ரத்தசோகை. ஆனா தொட்டிக்குப் பின்னாடி இருக்கற சேமிப்பை ஃபெரிட்டின்தான் சொல்லும், அழற்சி இல்லாத குழந்தைக்கு அது 12-க்கு கீழ இருந்தா சேமிப்பு தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம், சிஆர்பி ஏறியிருந்தா ஃபெரிட்டின் பொய்யா கூடுதலா காட்டும்ங்கிறதால அப்ப 30-ஐ எல்லையா வச்சுப் பாப்பாங்க. நீங்க தெரிஞ்சுக்க ஆசைப்பட்டது உறிஞ்சுற சதவீதம், ஆனா உங்க டாக்டர்கிட்ட காட்ட உபயோகப்படறது இந்த பேப்பர்தான்.

மூத்தவன் விஷயத்துக்கு சிரிக்கல, கொஞ்சம் சிரிச்சேன். அவன் ரெண்டு வாய் தின்னா அவனுக்கு ஒண்ணுமே ஆகாது, அவன் ரத்தத்துலயும் அதே 57-ம் 58-ம் ஏற்கனவே இருக்கு. ஆனா தங்கச்சி கணக்குல அந்த ரெண்டு வாய் 'குடல் உறிஞ்சல'ன்னு பதிவாகும், ஏன்னா மெஷினுக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாது. அதனால ஊட்டுற அன்னிக்கு அவனை வீட்டுல யார்கிட்டயாவது விட்டுட்டுப் போங்க. முடியலன்னா முன்னாடியே சொல்லிடுங்க, அண்ணன்காரனுக்குன்னு ஐசோடோப் கலக்காத கஞ்சி ஒரு கிண்ணம் தனியா வச்சிருப்போம், நாங்க பண்ணின ஸ்டடிங்கள்ல எல்லாம் அது எப்பவும் இருந்துச்சு.